கழுவி வைத்த தட்டு

சயனைட் மேட்டிலிருந்து தூசு பறப்பதில்லை என்று எழுதிக் கொடுத்த கை என்னுடையது. யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மற்றவர்களைத் திட்டும்போது, இவன் மட்டும் யோக்கியனா என்று கேட்கும் வேலை உங்களுக்கு மிச்சம்.

தங்கவயலைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். பூமிக்கடியிலிருந்து வெட்டி எடுக்கும் பாறையை மில்லில் மாவாக அரைத்து, சயனைட் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரிப்பார்கள். தங்கம் போக மிஞ்சும் மாவை வெளியே கொட்டுவார்கள். என் தாத்தா காலத்திலிருந்து கொட்டிக் கொட்டி அது மலையாகிவிட்டது. சாம்பல் நிற மலை. மழைக்காலத்தில் இறுகிப்போய்ச் சாதுவாகக் கிடக்கும். ஆடி மாதம் காற்று கிளம்பியதும் அதுவும் எழுந்துகொள்ளும்.

மேட்டுக்கு நேர் கீழே ஒரு தொழிலாளர் லைன். ஒட்டி ஒட்டி வீடுகள், மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை. அதில் ஒரு வீட்டில் என் தங்கை இருந்தாள். ஆடியில் அவள் வீட்டில் சாப்பிட்டால் மூடி வைத்த சோறும் பல்லில் நறநறக்கும். காயப்போட்ட வெள்ளை வேட்டி சாம்பல் வேட்டியாகத் திரும்பி வரும். தட்டியில் காகிதம் ஒட்டினாள், கோணி கட்டினாள், சாணம் பூசினாள். மூங்கில் தட்டிக்குக் காற்றைத் தடுக்கத் தெரியாது. அதை வைத்து வீடு கட்டியவன் மேல்தான் தப்பு.

தங்கை புருஷன், என் மச்சான், சுரங்கத்துக்கு அடியில் பல வருஷம் பாறையில் துளை போடும் மிஷினைப் பிடித்தவர். அந்த மிஷின் தின்ற பாறையில் பாதி அவர் நெஞ்சுக்குள் போய்விட்டது. இருமினால் கட்டில் ஆடும். ஆஸ்பத்திரி டாக்டர், இனி அடியில் இறங்கக்கூடாது என்று மேல்வேலைக்கு மாற்றினார். சீட்டில் இன்னொன்றும் எழுதினார்: தூசு இல்லாத இடத்தில் குடியிருக்கவேண்டும்.

தங்கை அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வீடு ஒதுக்கும் ஆபீசுக்குப் போனாள். தங்கவயலின் இன்னொரு கோடியில், மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு வீடு கேட்டாள். அந்தப் பக்கம் மேட்டுக் காற்று வராது. அங்கே இருந்த கிளார்க் சீட்டைப் படித்துவிட்டுக் கேட்டானாம்:

“இங்க தூசு இல்லாத எடம்னு போட்டுக்கீது. ஒன் லைன்ல தூசு கீதுன்னு யாரும்மா சொன்னது?”

“யார் சொல்ணும்? வந்து குந்திப் பாரு, கண்ணு தெரியாது.”

“அதெல்லாம் சரிம்மா. ரிக்கார்டு கீதா?”

ரிக்கார்டு இல்லை. மலை இருந்தது, காற்று இருந்தது, மச்சானின் இருமல் இருந்தது. காகிதம் இல்லை. விண்ணப்பத்தை வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டான்.

அந்தக் காகிதத்தைத் தயாரிக்கும் வேலை என்னிடமே வந்து சேர்ந்தது. நான் அஸ்ஸே ஆபீசில் இருந்தேன். கல்லில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று சோதித்து நிறுத்துச் சொல்லும் ஆபீஸ். எங்கள் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். பக்கத்தில் மூச்சு விட்டால் முள் ஆடும். கண்ணுக்கே தெரியாத தங்கத்தையும் அது நிறுத்துச் சொல்லிவிடும். தங்கம் என்றால் அவ்வளவு அக்கறை.

பெங்களூர்ப் பத்திரிகை ஒன்றில் மேட்டுத் தூசைப் பற்றி யாரோ எழுதிவிட்டார்கள். சர்க்காரிலிருந்து கம்பெனிக்குக் கடிதம் வந்தது: எவ்வளவு தூசு பறக்கிறது, அதற்கு என்ன செய்கிறீர்கள்? எங்கள் சீஃப் என்னைக் கூப்பிட்டு, லைனில் தட்டு வைத்து தூசைப் பிடித்து நிறுத்துக் கொடு என்றார். சீஃப் நல்லவர். நல்லவராக இருக்க முடிந்த இடத்திலெல்லாம் நல்லவராக இருந்தார்.

அது ஆடி மாதம். வெள்ளைப் பீங்கான் பூச்சுத் தட்டுகளில் விளக்கெண்ணெய் தடவி, லைனுக்குப் பின்புறம் ஆள் போகாத நாலு இடத்தில் கம்பத்தின்மேல் வைத்தேன். தூசு எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் தட்டின் வெள்ளை தெரியவில்லை. நிறுத்தேன், எழுதினேன், சீஃப் கையெழுத்துப் போட்டார், ரிப்போர்ட் பெரிய துரையிடம் போயிற்று.

பெரிய துரை என்றதும் வெள்ளைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரன் கப்பலேறியாயிற்று. இவர் நம் ஆள். ஆனால் அதே பங்களா, அதே கிளப், துரை என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். எங்களிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். அவர் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். அவருக்கு அது பிடிக்காது. பரவாயில்லை.

ஒரு விஷயத்தில் அவரைப் பாராட்டவேண்டும். அவர் ஒருநாளும் பொய் சொல்லச் சொன்னதில்லை. ஒரு எண்ணைக்கூட அடித்தது இல்லை. ரிப்போர்ட் திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் கேள்விகள் மட்டும் இருந்தன. வருஷத்தில் ஆடி ஒரு மாதம்தானே? லைன் மட்டும்தானா தங்கவயல்? மற்ற இடங்களில் தூசு இல்லை என்பதையும் சொல்வது நியாயமல்லவா?

நியாயம்தானே. சீஃப் தலையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். ஐப்பசியில் மழை பெய்து மேடு நனைந்து கிடக்கும்போது மறுபடி தட்டுகளை வைத்தோம். ஒன்று ஆஸ்பத்திரித் தோட்டத்தில், ஒன்று கிளப்பில், ஒன்று பெரிய துரையின் பங்களாவில், தைல மரங்களுக்கு நடுவில். துரையின் பட்லர் என் தட்டைப் பார்த்து, “இன்னா சார், துரை ஊட்ல பிச்சை எடுக்க வெச்சுட்டீங்களா?” என்றான். அந்தத் தட்டில் விழுந்தவை இரண்டு பூச்சி, ஒரு இலை.

ஆடியின் லைன் தட்டையும் ஐப்பசியின் பங்களாத் தட்டையும் கூட்டி வகுத்தோம். சராசரி வந்தது. மச்சான் ஒருநாளும் சராசரியை மூச்சில் இழுத்ததில்லை. அவர் இழுத்தது ஆடிக் காற்றை. ஆனால் ரிப்போர்ட்டில் சராசரிதான் ஏறியது. பிறகு இன்னொரு பென்சில் கேள்வி வந்தது: தூசு என்ற சொல் தேவையா? மண் துகள் என்று எழுதினோம். கேட்கவே விவசாயம் மாதிரி இருந்தது.

இதற்கிடையில் மேட்டில் புல் நட்டார்கள். மேடு முழுக்க இல்லை. மெயின் ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும், காரில் போகிறவர் தலையைத் திருப்பினால் தெரிகிற அளவுக்கு. தினமும் காலையில் தண்ணீர் லாரி வந்து புல்லுக்கு ஊற்றும். அதே நேரத்தில் லைன் குழாயடியில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள்.

“அந்தப் புல்லாப் பொறந்திருந்தா தாவல,” என்றாள் என் தங்கை. “காத்தால ஏந்ததும் தண்ணி. வரிசைன்னு கெடையாது.”

கம்பெனிப் பத்திரிகையில் புல்லின் படம் வந்தது. கீழே, மேடு பசுமையாகிறது என்று எழுதியிருந்தார்கள்.

அடுத்த வருஷம் ஆடி வந்தது. மச்சானுக்கு மோசமாகிவிட்டது. உட்கார்ந்தபடியே தூங்கினார். தங்கையின் விண்ணப்பம் அதே ஓரத்தில் கிடந்தது. இப்போது கிளார்க்கிடம் ரிக்கார்டு இருந்தது, நான் செய்து கொடுத்த சராசரி. அதைக் காட்டி இழுத்தடித்தான். எனக்குப் பொறுக்கவில்லை. சீஃபைக் கூட்டிக்கொண்டு துரையிடம் போனேன். காற்று அடிக்கும்போது, லைனிலேயே, ஒரே ஒரு தட்டு, ஒரு வாரம் வைக்கவேண்டும், அதைத் தனியாக எழுதவேண்டும் என்றேன். கத்தினேன் என்று சீஃப் பிற்பாடு சொன்னார்.

துரை கோபப்படவில்லை. “தாராளமாக வையுங்கள்,” என்றார். இரண்டே இரண்டு நிபந்தனை. தட்டு எதற்கென்று லைன்காரர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஆளுக்கு ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டுவிடுவார்கள். அது விஞ்ஞானம் இல்லை. இரண்டாவது, தட்டை வைத்தது முதல் எடுக்கும்வரை நான் லைன் பக்கம் போகக்கூடாது.

“உங்கள் தங்கை அங்கேதானே இருக்கிறார்கள்?” என்றார். “நாளைக்கு உங்கள் பேர் கெடக்கூடாது. அதற்காகத்தான் சொல்கிறேன்.”

என் தங்கை எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் நிபந்தனை சரி என்றே பட்டது. பொய்யை விஞ்ஞானத்தின் சட்டை போட்டுக் கொண்டுவந்தால் என்னைப் போன்ற அரைப்படிப்பாளி எழுந்து நின்று வணக்கம் வைப்பான்.

திங்கட்கிழமை காலை தங்கை வீட்டெதிரில் கம்பம் நட்டு, எண்ணெய் தடவிய தட்டை அதன்மேல் திருகினேன். தங்கை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள்.

“இன்னாண்ணா இது? காக்காக்குச் சோறு வெக்கவா?”

“ஆபீஸ் சாமான்.”

“ஆபீஸ் சாமான் எங்க ஊட்டாண்ட இன்னாத்துக்கு?”

“அது ஒனக்கு வோணாம். ஒரு வாரம் இருக்கும். இருந்துட்டுப் போவுது.”

“யாரு வந்து பாப்பாங்க?”

துரை சொன்னதைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில், கேட்டதற்கு நிஜத்தையே சொன்னேன். “சனிக்கிழமை சானிட்டரி இன்ஸ்பெக்டரோட வந்து பாப்போம்.” சாட்சிக்காக இன்ஸ்பெக்டரையும் அழைத்துப் போகும்படி ஆபீசில் உத்தரவு. லைனில் அவர் வருகைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நான் பிறந்ததே லைனில்தான். இருந்தும் சொன்னேன்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் லைனில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் பிளேக் பயத்தில் ஆரம்பித்த பழக்கம். இன்ஸ்பெக்டர் குச்சியோடு வருவார். சாக்கடையில் சோறு கிடந்தால், வாசலில் குப்பை இருந்தால், பாத்திரம் அழுக்காக இருந்தால் பேரை எழுதிக்கொள்வார். பேர் மூன்று தடவை ஏறினால் வீடு போய்விடும். அதனால் அவர் வருவது தெரிந்துவிட்டால் போதும், பெண்கள் தெருவையே கழுவிவிடுவார்கள். அம்மா மகளுக்குச் சொல்லிக் கொடுத்து, மாமியார் மருமகளை மிரட்டி, ரத்தத்தில் ஊறிவிட்ட வேலை.

சனிக்கிழமை காலை நானும் சீஃபும் இன்ஸ்பெக்டரும் போனோம். லைன் பளிச்சென்று இருந்தது. வாசல்களில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கம்பத்தைச் சுற்றிப் பெரிய கோலம். கோலத்துக்கு நடுவில், கம்பத்தின்மேல், என் தட்டு. சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்த தட்டு. அதில் என் முகம் தெரிந்தது. தட்டின் விளிம்பில் ஒரு குங்குமப் பொட்டு வேறு.

காற்று அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. மேட்டின் உச்சியில் சாம்பல் புகை எழும்பியது. தங்கை முன்னால் நின்றாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

“எப்டிண்ணா? பளபளன்னு கீதா? ஒரே எண்ணெப் பிசுக்கு. தெனம் காத்தால நாந்தான் தேச்சேன். நீ வெச்ச சாமான், அழுக்கா இருந்தா அந்தாளு என் பேரத்தான எழுதுவான்?”

இன்ஸ்பெக்டர் குனிந்து தட்டைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார். “நம்ம கேம்ப்பிலேயே நம்பர் ஒன் லைன்மா இது,” என்றார். சீஃப் வானத்தைப் பார்த்தார்.

ஆபீசுக்குத் திரும்பித் தட்டைத் தராசில் வைத்தேன். எண்ணெய் தடவுவதற்கு முன்னால் வெறும் தட்டின் எடை எதுவோ அதேதான். மூச்சுக்கு ஆடும் முள் அன்றைக்கு ஆடவில்லை. நேரே துரையிடம் போனேன்.

“தட்டைக் கழுவிவிட்டார்கள், சார். இது கணக்கில் வராது. மறுபடி வைக்கவேண்டும்.”

“கழுவியதை நீங்கள் பார்த்தீர்களா?”

“இல்லை. என் தங்கையே சொன்னாள்.”

“தங்கை சொன்னதை ரிப்போர்ட்டில் எழுத முடியுமா?”

தட்டை அவர் மேஜைமேல் வைத்தேன்.

“நீங்கள் பார்த்தது என்ன?”

“சுத்தமான தட்டு.”

“பார்த்ததை எழுதுங்கள். அதற்கு மேல் நான் எதையும் எழுதச் சொல்லமாட்டேன்.”

பாருங்கள், அப்போதும் பொய் சொல்லச் சொல்லவில்லை. பார்த்ததை எழுதினேன்: லைனில் ஒரு வாரம் வைத்த தட்டில் தூசு காணப்படவில்லை. ஏன் எழுதினாய் என்று கேட்பீர்கள். பயம். எனக்கும் கம்பெனி வீடு, எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள். வேறு பெரிய காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

அந்த மாதமே கம்பெனியில் புதிதாக ஒரு பரிசு முளைத்தது. மிகச் சுத்தமான லைனுக்கு ஒரு பித்தளைக் குடம். துரையே வந்து என் தங்கையின் கையில் கொடுத்தார். பத்திரிகையில் அவள் படம் வந்தது. மேட்டடியில் வாழும் மக்களே சாட்சி என்று தலைப்பு. உள்ளே என் ரிப்போர்ட்டிலிருந்து ஒரு வரி. சர்க்காருக்குப் போன பதிலிலும் அதே வரி, அதே படம் என்று சீஃப் சொன்னார்.

அடுத்த வாரம் தங்கையின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. சோதனையில் அந்த லைனில் தூசு காணப்படவில்லை, ஆகையால் வீடு மாற்ற அவசியமில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். என்ன சோதனை என்று கேட்டாள். தட்டு எதற்கு என்பதை அப்போதுதான் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அதத் தொட்டிருப்பனா?”

“சொல்லக்கூடாதுன்னாங்க.”

“அவங்க சொல்லக்கூடாதுன்னாங்க, நீ சொல்லல. நான் ஒங்கூடப் பொறந்தவளா, அவங்க பொறந்தாங்களா?”

மச்சான் கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தார். இழுத்து இழுத்துப் பேசினார். “வுடு, திட்டாத. ஒங்கண்ணன் தூசு இல்லன்னு எழுதிட்டாரு. அப்ப என் நெஞ்சுல கீறது பவுடர் போல.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நிற்க வெகுநேரம் ஆயிற்று.

பத்து நாள் கழித்து, நல்ல பகலில், தங்கை எங்கள் ஆபீசுக்கு நடந்து வந்தாள். இடுப்பில் அந்தப் பரிசுக் குடம். ஆபீஸ் குழாயில் தண்ணீர் பிடிக்க வருகிறாள் என்று நினைத்து வாட்ச்மேன் தடுக்கவில்லை. நேரே என் மேஜைக்கு வந்து குடத்தை டொம்மென்று வைத்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு முள் துள்ளியது. குடத்துக்குள் கழுத்துவரை சாம்பல் நிற மாவு.

“ஊட்டுக்குள்ளாற வாரினது. வாசல்ல இல்ல, உள்ள. அவரு கட்டில், பாய், அடுப்பங்கர. பத்து நாளா வாரி வாரி வெச்சேன். நிறுத்துப் பாருண்ணா. இந்த வாட்டி கழுவல.”

ஆபீசே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. தங்கம் நிறுக்கும் தராசு அதைத் தாங்காது. கல் நிறுக்கும் பெரிய தராசில் வைத்து நிறுத்தேன். ஒரு தாளில் எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு துரையிடம் போனேன். அன்றைக்கு எனக்குப் பயமில்லை. தைரியம் வந்துவிட்டது என்று இல்லை. அவள் வெளியில் நின்றுகொண்டிருந்தாள்.

துரை தாளைப் படித்தார். மடித்தார். குடம் அளவுக் கருவி இல்லை என்றார். பிறகு ஜன்னல் வழியாக, வெயிலில் நின்ற தங்கையைப் பார்த்தார். கொஞ்சநேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

“மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு வீடு காலி இருக்கிறது. உடம்பு சரியில்லாத தொழிலாளிக்கு இரக்கப்பட்டுக் கொடுப்பதாக உத்தரவு போடுகிறேன். தூசு என்ற பேச்சே அதில் வராது. இந்தத் தாள் இங்கேயே இருக்கட்டும்.”

வெளியே வந்து தங்கையிடம் சொன்னேன். ஒரு வீடு. அவளுக்கு மட்டும். மற்றவர்களுக்கு இல்லை. ரிப்போர்ட் மாறாது.

அவள் மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “பக்கத்தூட்டுக்காரிக்குக் கைக்கொழந்த கீது,” என்றாள். பிறகு, “அவரு ராத்திரில படுத்துத் தூங்கி ஒரு வருசமாச்சு. நான் போறேண்ணா,” என்றாள். அவளைக் குறை சொல்கிறவர்கள் முதலில் ஒரு வாரம் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து தூங்கிப் பார்க்கட்டும்.

ரிப்போர்ட் அப்படியே இருந்தது. அவள் காலி செய்த வீட்டுக்கு வேறு குடும்பம் வந்தது, சின்னப் பிள்ளைகளோடு. அடுத்த வருஷமும் சுத்தமான லைன் பரிசு அந்த லைனுக்கே கிடைத்தது. மச்சான் புது வீட்டில் படுத்துத் தூங்கினார். இன்னும் நாலு வருஷம் இருந்தார். டாக்டர் சொன்னதைவிட அது அதிகம்.

சாமான் ஏற்றிய அன்று தங்கை என்னிடம் சொன்னாள்: “அந்தக் கொடத்தக் காலி பண்ணிக் குடு. புது ஊட்ல தண்ணிக்கு ஆவும்.”

குடம் அதுவரை என் மேஜைக்கடியில்தான் இருந்தது. அந்த மாவை எங்கே கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு எங்கே கொட்ட, அது வந்த இடத்துக்கே தூக்கிக்கொண்டு போனேன். மேட்டின்மேல் ஏறிக் குடத்தைக் கவிழ்த்தேன். பாதிதான் தரையில் விழுந்தது. மீதியைக் காற்று வாங்கிக்கொண்டு லைன் பக்கம் போயிற்று. கீழே யாரோ ஒருத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

குழாயடியில் உட்கார்ந்து குடத்தை நாலு தடவை கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கை வாங்கி, வாய்க்குள் கையை விட்டு அடியைத் தடவி, விரலை வெளியே எடுத்துப் பார்த்தாள்.

“இன்னும் கீதுண்ணா,” என்றாள். புளி கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவளே மறுபடி தேய்க்க உட்கார்ந்தாள்.